அத்தியாயம் 14: எட்டு நாள் முந்திய மாத்திரை

தேதிக் கட்டத்தில் அந்தப் பதினைந்தைத் தட்டியது என் வலது கை ஆள்காட்டி விரல்தான். வேறு யார் மேலாவது பழியைப் போட முடியுமா என்று நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். முடியாது. அன்று அறையில் நானும் ஒரு காப்பிக் கோப்பையும் மட்டும்தான் இருந்தோம்.

விஷயம் வெளியே வந்தது வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு. பிரெட்ஸல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே என் மனைவி ரீக்கேயிடம் போனை நீட்டினேன். பெருமையோடு நீட்டினேன் என்பதுதான் கொடுமை.

"பாரு. நம்ம மாத்திரையை நாடு முழுக்கப் போற மருந்து விலைப்பட்டியல்ல ஏத்துக்கிட்டாங்க. மொத்தத்தையும் நான் ஒருத்தனே முடிச்சேன்."

ரீக்கே படித்தாள். மறுபடி படித்தாள். தன் பிரெட்ஸலைத் தட்டில் வைத்தாள்.

"எந்தத் தேதிப் பட்டியல் இது?"

"பதினஞ்சு. வர்ற ஞாயித்துக்கிழமை."

"காப்புரிமை என்னிக்கு முடியுது?"

"இருபத்து மூணு. அது தெரியாதா எனக்கு? அன்னிக்கு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் ஒரு மாத்திரைகூட கிடங்கை விட்டு வெளிய போகாது. பேர் மட்டும் கொஞ்சம் முன்னாடியே இருக்கட்டுமேன்னுதான்..."

"எதுக்கு?"

"மருந்துக்கடைக்காரங்க கண்ணுல படட்டுமே. நூடுல்ஸ் கம்பெனில ஈஸ்டர் நூடுல்ஸுக்கு நாங்க ஒரு மாசம் முன்னாடியே..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் அப்படிக் கண்ணை மூடி இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். முதல் தடவை பிரசவத்தில்.

இந்தக் கதையை இடையில் பிடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் அன்செல்ம். பதினோரு வருஷம் ஊர் ஊராக நூடுல்ஸ் விற்றவன். போன இலையுதிர் காலத்தில்தான் மாமனார் எபர்ஹார்ட் ஸ்டும்ப் என்னைத் தம் மருந்துக் கம்பெனிக்குள் இழுத்துக்கொண்டார். அறுபத்திரண்டு பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி. பெரிய கம்பெனிகள் கண்டுபிடித்த மருந்தின் காப்புரிமை என்றைக்குச் சாகும் என்று நாள் பார்த்துக் காத்திருந்து, செத்த மறுநாளே அதே மருந்தைப் பாதிக்கும் குறைந்த விலையில் கடைக்கு அனுப்புகிற தொழில்.

"கழுகுத் தொழில்" என்றாள் மாமாவின் இளைய மகள் யூடிட். "விலையைக் குறைக்கிறவன் கழுகுன்னா, நான் கழுகாவே இருந்துட்டுப் போறேன்" என்றார் மாமா. அவள் ம்யூனிக் போய்க் காப்புரிமை வக்கீலாகி, பெரிய கம்பெனிகளுக்காக வாதாடும் எதிர்க்கட்சியில் சேர்ந்துகொண்டாள். மூன்று வருஷமாக அப்பாவும் மகளும் பேச்சில்லை.

போன வாரம், மாமாவின் பெப்பர்மின்ட் டப்பாவில் இருப்பது பெப்பர்மின்ட் இல்லை என்று நான் கண்டுபிடித்தேன். ஜனவரியில் அவருக்கு இதயத்தில் தகராறு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அந்த மாத்திரையின் மலிவுப் பதிப்பைத்தான் நாங்கள் செய்து கிடங்கில் அடுக்கி வைத்திருக்கிறோம். இருபத்து மூன்றாம் தேதிவரை அதைத் தொட முடியாது. எனவே மனிதர் எதிரி வீட்டு மாத்திரையை, அதாவது யூடிட் வாதாடும் கம்பெனியின் மாத்திரையை வாங்கி, வெட்கப்பட்டு, பெப்பர்மின்ட் டப்பாவில் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார். யூடிட்டுக்கு மட்டும் தெரியவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அதுவரைக்கும் கதை. இனி என் விரல் செய்த காரியம்.

"அன்செல்ம், கவனமாக் கேளு" என்றாள் ரீக்கே. கம்பெனியில் தயாரிப்புப் பிரிவு அவள் பொறுப்பு. அந்தக் குரலில்தான் இப்போது பேசினாள். "பட்டியல்ல பேர் வந்தாலே, வித்ததாத்தான் அர்த்தம். மாத்திரை கிடங்கிலயே தூங்கினாலும் சரி. காப்புரிமைக்காரங்களோட வக்கீலுங்க ஒவ்வொரு பட்டியலையும் எழுத்து எழுத்தாப் படிக்கிறாங்க. ஒரே நாள்ல தடை வாங்கிடுவாங்க. நம்மளக் கூப்பிட்டு விசாரிக்கக்கூட மாட்டாங்க."

"தடைன்னா எட்டு நாளைக்குத்தானே? இருபத்து மூணுக்கு அப்புறம்..."

"கோர்ட்ல மாட்டின சரக்கு எந்தக் கடைக்காரன் வாங்குவான்? மேல்முறையீடு, விளக்கம், அச்சடிச்ச பெட்டிக்கெல்லாம் கோர்ட் முத்திரை. வெளிய வர்றதுக்குள்ள கோடை வந்துரும். அதுக்குள்ள மத்த பதினோரு கம்பெனியும் ஓடி முடிச்சிருப்பான். முதல் வாரத்துல யாரு கடையில இருக்கானோ, அவனோடதான் மருந்துச் செலவைக் கட்டுற இன்ஷூரன்ஸ்காரங்க ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுவாங்க. நம்ம அறுபத்திரண்டு பேரும் வாசல்ல நின்னு கை தட்டலாம்."

வெண்ணெய்க் கத்தியைக் கையில் பிடித்தபடியே கேட்டேன்.

"இந்த ஒரு மாத்திரையை நம்பித்தானே உங்கப்பா..."

"ஆமா."

"என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாரா?"

"மொதல்ல அந்தக் கத்தியைக் கீழ வை."

அன்றைய தினம் நான் கேட்ட கேள்விக்கு நேரான பதில் கிடைக்காமல் போனது அதுதான் முதல் தடவை. எண்ணிக்கொண்டே வாருங்கள்.

போனில் நான் காட்டிய மின்னஞ்சலின் அடியில், எறும்பு எழுத்தில், ஒரு வழி இருந்தது. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் பதிவைத் திரும்பப் பெறலாம். நிர்வாக இயக்குநர் தம் கையால் கையெழுத்திட வேண்டும்.

நிர்வாக இயக்குநர் ஒரே ஒருவர்தான். அவர் அன்று காலை ஆறு மணிக்கே மரமுகமூடி மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். ஏனென்றால் அது கார்னிவல் திருவிழாவின் வியாழக்கிழமை, ஊரே வேடம் போடும் நாள்.

"போன் பண்ணேன்!"

"முகமூடிக்காரன் போன் வச்சிருக்கக் கூடாதுன்னு விதி போட்டதே அப்பாதான்."

எங்கள் ஓபர்ரீட் ஊரின் ஆற்றுப்பேய்ச் சங்கத்தில் நாற்பது முகமூடி. நாற்பதையும் ஒரே தச்சர் செதுக்கினார். நாற்பதுக்கும் ஒரே இளிப்பு. பச்சை அங்கி, இடுப்பில் மணி. பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கும்வரை முகமூடியைக் கழற்றக் கூடாது. சொந்தக் குரலில் பேசக் கூடாது. யார் என்ன கேட்டாலும் ஆம் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. முகமூடிக்குள் கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது. சங்கத் தலைவர் என் மாமனார். விதிகளில் பாதி அவர் எழுதியது.

"நான் பட்டியல் ஆபீஸைப் பிடிச்சு வைக்கிறேன். நீ அப்பாவைப் பிடி" என்றாள் ரீக்கே. "மெதுவாச் சொல்லு. டாக்டர் என்ன சொன்னார்? அதிர்ச்சி கூடாது. நல்ல சேதி மாதிரி சொல்லு."

"நல்ல சேதின்னு நெனச்சுத்தானே உனக்கும் சொன்னேன்?"

பட்டியல் ஆபீஸில் போனை எடுக்கவே ஒன்பதரை ஆயிற்று. படிவம் வந்து, அச்சடித்து, நான் சந்தைத் திடலுக்குள் நுழைந்தபோது பத்து இருபது. ஊரே அங்கே இருந்தது. வாத்தியக் குழு ஒரே பாட்டை நாலாவது முறை கொலை செய்துகொண்டிருந்தது. நாற்பது மர இளிப்புகள் கூட்டத்துக்குள் குதித்துக்கொண்டிருந்தன.

முதல் பேய் என்னைக் கண்டதுமே பிடித்துக்கொண்டது.

"அடடே, நூடுல்ஸ்காரரே!" கீச்சுக் குரல். "மருந்துக் கடைக்குள்ள ஏன் தண்ணி கொதிக்குது?"

"ஸ்டும்பைப் பாக்கணும். அவசரம்."

"ஸ்டும்பா? உங்கிட்ட மாட்டாம ஆத்துல குதிச்சிட்டாரு!"

இரண்டாவது பேய் என் தொப்பியைப் பறித்துக் கழுதைச் சிலையின் தலையில் வைத்தது. மூன்றாவது, என் மனைவி என்னைக் கட்டிக்கொண்டதற்கான காரணங்களை உரக்க ஆராய்ந்தது. ஒரு காரணமும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. சாதாரண வருஷமென்றால் நானும் சிரித்திருப்பேன். மணி பத்தே முக்கால்.

அப்போதுதான் ரொட்டிக்கடை ஓரத்தில் அந்தக் கையுறையைப் பார்த்தேன்.

பச்சைக் கம்பளி. மணிக்கட்டில் மஞ்சள் வரி. காலமான என் மாமியார் கையால் பின்னியது. மாமா அதை வருஷம் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்து இந்த ஒரு நாளைக்குத்தான் போடுவார். உயரமும் சரி, நிற்கிற தோரணையும் சரி, இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்ததும் சரி.

பாய்ந்துபோய் அந்தக் கையைப் பிடித்தேன்.

"மாமா, கோவப்படாதீங்க. நல்ல சேதிதான். கிட்டத்தட்ட."

முகமூடி என்னைப் பார்த்து இளித்தது. அதனால் வேறென்ன செய்ய முடியும்?

கொட்டிவிட்டேன். பதினைந்து, இருபத்து மூன்று, ஈஸ்டர் நூடுல்ஸ், கிடங்கில் அடுக்கிய பெட்டிகள், பன்னிரண்டு மணிக் கெடு, எல்லாம். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மரத்துக்கு முன்னால் நின்று பேசுவது பாவமன்னிப்புக் கூண்டில் பேசுவது மாதிரி, வாய் நிற்காது. "நீங்க என்னைத் திட்டுங்க, தூக்குங்க, ஆனா இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க" என்று படிவத்தையும் நீட்டினேன்.

பேய் படிவத்தை வாங்கவில்லை. பிறகு, பையிலிருந்து ஒரு பிடி காகிதத் துணுக்கை எடுத்து என் சட்டைக் காலருக்குள் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டது.

"மாமா! மாமா!"

நாலைந்து பேய்கள் ஒரே குரலில் "என்ன மாப்ளே?" என்று கத்தின. திடலே சிரித்தது.

பதினொன்று பத்து. போன் அடித்தது.

"கெடைச்சாரா?" ரீக்கே.

"கெடைச்சார். எல்லாம் சொல்லிட்டேன். கையெழுத்துப் போடாம போயிட்டார், ரீக்கே. கோவத்துல நெஞ்சு வலி கிலி வந்து எங்கயாவது..."

"அப்பா கையெழுத்துப் போடாம போக மாட்டார். நல்லாத் தேடு. ஃப்ராங்க்ஃபர்ட்ல அந்தப் பட்டியல் ஆபீஸ்ல பாதிப் பேர் கார்னிவலுக்குக் கிளம்பிட்டாங்களாம். ஒரே ஒரு அம்மாதான் எனக்காக உக்காந்திருக்காங்க."

நான் அந்தத் திடலை மூன்று சுற்றுச் சுற்றினேன். நாற்பது இளிப்புக்கு நடுவே ஒரு மனிதர் எங்கேயோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பார்க்கிறவனுக்கு இளிப்புதான் தெரியும்.

நீரூற்றுக்குப் பின்னால், வங்கிச் சுவர் மறைவில், ஒரு சத்தம் கேட்டது. கலகல. இடுப்பு மணி இல்லை. தகர டப்பாவுக்குள் மாத்திரை உருளுகிற சத்தம். போன வாரம் முழுக்க என் தூக்கத்தைக் கெடுத்த சத்தம்.

ஒரு பேய் சுவரைப் பார்த்துத் திரும்பி, விளிம்பில் உட்கார்ந்திருந்தது. ஒரு விரலால் முகமூடியின் தாடையை நூலளவு தூக்கி, உள்ளே எதையோ போட்டுக்கொண்டது. காலை மாத்திரை. நாலு மணி நேரம் தாமதம். கையில் கறுப்புத் தோல் கையுறை.

கறுப்பு.

அதை அப்போது யோசிக்க நேரமில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இந்த முறை நிஜமாகவே மெதுவாகப் பேசினேன்.

"மாமா, உங்க கையெழுத்து ஒண்ணு வேணும். ஒரு தேதி தப்பாப் போச்சு. பட்டியல்ல. திரும்ப எடுக்கணும். பன்னெண்டுக்குள்ள."

"தேதியா?" கீச்சுக் குரல்தான், ஆனால் மூச்சு வாங்கியது. "கல்யாணத் தேதியா, சாவுத் தேதியா?"

"மாமா..."

"யார் போட்ட தேதி? நூடுல்ஸ் ராஜா போட்டதோ?"

"நான்தான்."

மரமுகம் என்னையே பார்த்தது. கண் ஓட்டைக்குள் இரண்டு ஈரப் புள்ளி. அவருக்கு எட்டு நாள் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. நாற்பது வருஷமாக மற்றவர்களின் உரிமைக்கு நாள் பார்த்தவர்.

"குனி" என்றது பேய்.

குனிந்தேன். என் முதுகில் படிவத்தை விரித்து, கையுறையைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டார். முடித்த பிறகும் அந்தக் கை என் முதுகிலிருந்து உடனே எழவில்லை. சாய்ந்துகொள்ள இடம் தேடிய கையா, தட்டிக்கொடுத்த கையா, தெரியவில்லை.

"மாமா, என்னை வேலையை விட்டு எடுத்துடுவீங்களா?"

"பேய்க்கு ஏதுப்பா கம்பெனி?" என்றது கீச்சுக் குரல்.

நேரான பதில் கிடைக்காதது, இரண்டு.

படம் எடுத்து ரீக்கேக்கு அனுப்பினேன். அவள் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு. பதினொன்று முப்பத்தெட்டு. ஐந்து நிமிஷம் கழித்து அவள் அழைத்தாள்.

"வந்து சேந்துருச்சாம்."

"எடுத்துட்டாங்களா?"

"கேட்டேன். 'எங்களால ஆனதைப் பண்றோம். கம்ப்யூட்டர் பன்னெண்டுக்குத் தானா மூடிக்கும். பட்டியல் வெளிய வந்தாத்தான் எனக்கே தெரியும்'னு சொல்றாங்க அந்தம்மா."

மூன்று. ஞாயிற்றுக்கிழமைவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

போனை வைத்ததும்தான் அந்தக் கறுப்புக் கையுறை என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது.

"மாமா, ஒரு மணி நேரம் முன்னாடி ரொட்டிக்கடைகிட்ட நின்னது நீங்கதானே? உங்ககிட்ட எல்லாம் சொன்னேனே?"

பேய் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு, இரண்டு கறுப்புக் கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டியது.

"அத்தை பின்னின பச்சைக் கையுறை?"

முழங்காலைச் சுட்டியது. அங்கே ஒரு பச்சை ஒட்டுத் துணி. கிழிந்து, பிரித்து, முழங்காலில் தைத்திருக்கிறார்.

ரீக்கேயை மறுபடி கூப்பிட்டேன். "உங்கம்மா அந்தக் கையுறை எத்தனை ஜோடி பின்னினாங்க?"

"மூணு. அப்பாவுக்கு, எனக்கு, யூடிட்டுக்கு. ஏன்?"

"உன்னோடது எங்க இருக்கு?"

"இங்க, என் மேசை மேல. ஏன், அன்செல்ம்? என்ன பண்ணித் தொலைச்ச?"

நான் பதில் சொல்வதற்குள் கோயில் மணி அடித்தது.

நாற்பது முகமூடியும் ஒன்றாக மேலே போயின. நாற்பது வியர்த்த சிவப்பு முகங்கள். கைதட்டல். மாமா, எழுபத்தொரு வயது, வெளிறிய நெற்றியைத் துடைத்துக்கொண்டு சூப்பு அண்டாவை நோக்கி நடந்தார்; முதல் கரண்டி ஊற்றுவது தலைவர். நான் எதிர்த் திசையில் நடந்தேன்.

ரொட்டிக்கடை ஓரத்தில் யூடிட் நின்றுகொண்டிருந்தாள். மூன்று வருஷத்தில் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அக்குளில் அவளுடைய பழைய சங்க முகமூடி. கையில் அம்மாவின் கையுறை.

"எப்படி இருக்கீங்க, அத்தான்? காலருக்குள்ள இன்னும் அரிக்குதா?"

"யூடிட், நீ... எப்ப வந்த?"

"நேத்து. சத்திரத்துல தங்கியிருக்கேன். அப்பாவுக்குத் தெரியாது. தூரத்துல இருந்து பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்." அவள் கண் அண்டாவின் பக்கமே இருந்தது. "எளைச்சுட்டார்."

"யூடிட், காலைல நான் பேசினது..."

"இருங்க. மொதல்ல நான் கேக்கறேன். சுவரோரமா உக்காந்து எதையோ வாயில போட்டார். பாத்தேன். என்னது அது?"

"பெப்பர்மின்ட்."

"அத்தான்."

"நல்ல காரமான பெப்பர்மின்ட்."

"காலையில இருந்து இந்தப் பேய்ங்கள்ல ஒருத்தர்கிட்டயாவது நீங்க நேரான பதில் வாங்கினீங்களா? வாங்கலைல்ல? எப்படி இருந்துச்சு?"

சத்தியம் செய்து கொடுத்தவன் நான். ஆனால் அந்தப் பெண் கையுறை விரலைக் கசக்கிக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்தால், என் சத்தியம் அவ்வளவு உசத்தியாகத் தெரியவில்லை.

"ஜனவரியில இதயத்துல கோளாறு. ஆஸ்பத்திரில ஆறு நாள். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. உனக்குத் தெரியக் கூடாதுன்னார்."

"எந்த மாத்திரை?"

"வேற எது? உன் கட்சிக்காரங்களோடதுதான். இருபத்து மூணாம் தேதி வரைக்கும் வேற கிடையாதே!"

யூடிட் சிரிக்கப் போனாள். பாதி வழியில் அது வேறொன்றாகிவிட்டது. முகமூடியைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். நான் ரொட்டிக்கடைக் கண்ணாடியில் பலகாரங்களை ஆராய்ந்தேன். எல்லாம் நல்ல பலகாரங்கள்.

முகமூடி இறங்கியதும் கேட்டேன். "நான் சொன்னதெல்லாம் கேட்டியா? சொல்லப் போறியா? எதுவா இருந்தாலும் நேராச் சொல்லிடும்மா. இனிமே எனக்குத் தெம்பில்ல."

அண்டாவருகே மாமா கரண்டியை உயர்த்தினார். கூட்டம் ஆரவாரித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டேன், அத்தான். ஒரு வார்த்தை விடாம கேட்டேன். முகமூடிக்குள்ள கேட்டதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அது அப்பா எழுதின விதி. ஆனா ஞாயித்துக்கிழமை பட்டியலை நான் முகமூடி போட்டுக்கிட்டுப் படிக்கப் போறதில்ல. அதுல ஸ்டும்ப்ங்கற பேர் இருந்துச்சுன்னா, திங்கட்கிழமை காலையில ஒம்பது மணிக்கு ம்யூனிக் கோர்ட்ல நிப்பேன். மனுவுக்கு அடியில என் கையெழுத்துதான் இருக்கும்."